முதுமையும் முன்னேற்பாடும்

பழைய மாணவன் ஒருவன் எழுதியது

கல்லூரியின் விழா மலரிலே முதுமையைப் பற்றி எழுதப் புகுவது பொருந்துமோ என ஐயுறுவார் சிலர் இருத்தல் கூடும். மலர் மகிழ்ச்சிக்கு அறிகுறி. பழைய நினைவுகளையும் புதிய வெற்றிகளையும் அது தாங்கி வருதல் மரபு. எனினும், இம்மலரைக் கையில் ஏந்தும் பழைய மாணவருட் பெரும்பாலார் தலை நரைத்தவர். வகுப்பிலிருந்து இதனைப் புரட்டும் மாணவரும் ஒருநாள் நரைக்கவிருப்பவர். ஆதலின், எல்லார்க்கும் வரவிருக்கும் ஒன்றனை எல்லாரும் கூடியிருக்கும் வேளையிற் பேசுதல் குற்றமாகாது எனத் துணிந்து இதனை எழுதலானேன்.

யான் கூற விரும்புவது சுருக்கமானது. முதுமையிலே தத்தம் வீட்டில், தம் காலில் நின்று, வேண்டுமாயின் தனித்தும் வாழ்வதற்கு நம்மவர் முன்னதாகவே ஆயத்தஞ் செய்தல் வேண்டும். அவ்வாயத்தம் பிள்ளைகள்மேல் நம்பிக்கையின்மையைக் காட்டுவதன்று. ஊரார்முன் நாணத்தக்கதும் அன்று. அது கடைசிவரை பிறர்க்குப் பாரமாகாது வாழ விரும்பும் அறிவுடையார் செய்யத்தக்க கடமையேயாம்.

நம் முன்னோர் இதனைப்பற்றிச் சிந்தித்திலர் என்று எவருங் கருதற்க. அவர்கள் சிந்தித்தே ஓர் ஒழுங்கை வகுத்திருந்தனர். 1707 ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் காலத்திலே தொகுக்கப்பெற்ற தேசவழமையைப் படிப்போர், சீதனம் என்பது நம் சமூகத்தில் எத்துணை ஆழமாக வேரூன்றிய வழக்கென்பதை அறிவர். மகளுக்கு வீடும் வளவும் சீதனமாக எழுதப்படும். மகளும் மருமகனும் அவ்வீட்டிலேயோ அடுத்த வளவிலேயோ குடியிருப்பர். பெற்றோர் அதே வீட்டின் விறாந்தையிலே தம் இறுதிக் காலத்தைக் கழிப்பர். கண் மங்கிய பாட்டனாருக்குப் பேரன் கோலாவான். கை நடுங்கும் பாட்டியாருக்குப் பேத்தி ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பாள். முதுமைக்கென வேறு ஏற்பாடு வேண்டப்படவில்லை. சீதன உறுதியே அவ்வேற்பாடாயிருந்தது.

அவ்வொழுங்கு இன்று குலைந்துவிட்டது. 1983 ஆம் ஆண்டின் பின்னர் நம் பிள்ளைகள் கடல் கடந்தனர். 1995 ஆம் ஆண்டின் பெரும் இடப்பெயர்வோடு எஞ்சியோருட் பலரும் திசைதிசையாகச் சிதறினர். சீதன உறுதி யாழ்ப்பாணத்து அலுமாரியில் இருக்கின்றது. சீதனம் பெற்ற மகள் ரொறன்ரோவில் இருக்கின்றாள். இஃது எவருடைய குற்றமும் அன்று. உயிர் தப்பவும் பிழைக்கவும் அனுப்பியவர்கள் நாமே. அனுப்பிவிட்டு, பழைய ஒழுங்கு இன்னும் இருப்பதாக எண்ணிக்கொண்டு வாழ்வதுதான் நமது பிழை.

நாடு முழுவதும் மூப்படைந்து வருகின்றது. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, இலங்கையருள் நூற்றுக்கு 12.4 பேர், ஏறக்குறைய 25 இலட்சம் மக்கள், 60 வயதையோ அதற்கு மேலான வயதையோ அடைந்தவர்கள். நம் கிராமங்களின் ஒழுங்கைகளில் நடந்து செல்வோர்க்கு இவ்வெண் வேண்டுவதில்லை. பெரிய மதில், பெரிய வீடு, உள்ளே ஒரே ஒரு மின்விளக்கு: இவ்வாறான வாயில்களை எண்ணிக்கொண்டே போகலாம்.

என்னுடன் ஒரே வாங்கிலிருந்து படித்த நண்பர் ஒருவரின் கதையை இவ்விடத்துக் கூறுதல் தகும். அவர் மனைவியை இழந்தவர். மக்கள் மூவரும் வெளிநாடுகளில் வசதியாயிருந்தனர். ஞாயிறு தவறாது தொலைபேசியில் அழைப்பர். ஓய்வூதியமும் குறைவின்றி வந்தது. மாரிகாலத்து இரவொன்றிலே, கொல்லைப்புறத்து மலகூடத்துக்குச் சென்று திரும்புகையில், கிணற்றுக்கட்டின் பாசியில் வழுக்கி வீழ்ந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. தொலைபேசி கட்டிலின் தலைமாட்டில் இருந்தது. விடியற்காலையிற் பால் கொண்டுவந்த சிறுவன் காணும்வரை மழையிலே கிடந்தார். உயிர் தப்பினார், ஆயினும் அதன்பின் அவர் தனித்து நடந்ததில்லை. வைத்தியசாலையில் அவரைக் காணச் சென்றபோது என்னிடம் சொன்னார்: “பணம் இருந்தது, பிள்ளைகள் இருந்தார்கள், ஒரு விளக்கு மாத்திரம் இருக்கவில்லை, மச்சான்.”

அவ்வொரு வாக்கியமே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று. கிணற்றடியில் ஒரு விளக்கு, கைபிடித்து நடப்பதற்கு ஓர் இரும்புக் குழாய், மாதம் ஒருமுறை பாசி தேய்ப்பிக்கும் கூலி: இவை மூன்றுக்குமான செலவு, அவரைப் பார்க்க ஓடிவந்த பிள்ளைகளில் ஒருவருடைய விமானச் சீட்டின் விலைக்கு நெருங்கவும் மாட்டாது.

வீழ்தல் எளியாரை மட்டும் வருத்துவதன்று. கொழும்புத்துறைக் குடிலில் வாழ்ந்த யோகர் சுவாமிகள், 1961 ஆம் ஆண்டின் இறுதியிலே, தாம் அன்போடு பேணிய பசுவால் தள்ளுண்டு வீழ்ந்து இடுப்பெலும்பு முறியப் பெற்றார். பல மாதம் வைத்தியசாலையிற் கிடந்து, பின்னர் 1964 இல் சமாதியடையும் வரை அன்பர்களின் துணைகொண்டே இயங்க நேர்ந்தது. முற்றுந் துறந்த ஞானியையும் எலும்பு விட்டுவைக்கவில்லையெனின், நம் போன்றோர் தம் உடலை நம்பி அசட்டையாயிருத்தல் எவ்வாறு தகும்?

ஆதலின் முதலாவதாக வீட்டை நோக்குக. நமது பழைய நாற்சார் வீடுகள் அழகிற் சிறந்தவை; முதியோர்க்கோ பகையானவை. உயர்ந்த நிலைப்படிகள், முற்றத்துக்கு இறங்கும் படிகள், தொலைவிலே கிணறு, அதனினுந் தொலைவிலே மலகூடம். அறையை ஒட்டி ஒரு குளியலறையும், இருந்தெழத்தக்க மலகூடமும், அதன் அருகே சுவரிற் பதித்த கைபிடியும் அமைத்தல் முதற் கருமம். குளியலறைக் கதவு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். உள்ளே வீழ்ந்தவரின் உடல் கதவை மறித்துக் கிடக்குமாயின் உதவிக்கு வருவோர் நுழைதல் இயலாது. கட்டிலிற் படுத்தவாறே எட்டத்தக்க இடத்தில் மின்விளக்கின் ஆளி இருத்தல் வேண்டும். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உண்போர் பலர்க்கு, சடுதியில் எழுந்தால் தலை சுற்றும். சற்று இருந்து, பின்னர் எழுந்து, பின்னர் நடத்தல் வேண்டும். கண்ணிற் படலம் படர்ந்தோர் ‘இந்த வயதில் எதற்கு’ என்று காலந் தாழ்த்தாது, அரசாங்க வைத்தியசாலையிலே சத்திரசிகிச்சை பெறுவாராக.

நீர் இறைக்க மின்மோட்டார் இருக்கின்றதே என்பார்க்கு 2022 ஆம் ஆண்டை நினைவூட்டுகின்றேன். அவ்வாண்டின் பங்குனி இறுதியிலே ஒரு நாளுக்கு 13 மணி நேரம்வரை மின்சாரம் நிறுத்தப்பட்டது. உயரத்தில் நிறைந்த நீர்த்தாங்கியும், கிணற்றிலே கப்பியும் கயிறும் இருந்த வீட்டார் தப்பினர். மற்றையோர் அயலாரை இரந்தனர். ஒன்றையே நம்பி வாழ்தல் இளைஞர்க்கு இடையூறு, முதியோர்க்கோ ஆபத்து.

இரண்டாவதாகப் பணம். அதே 2022 இல், புரட்டாதியிலே, பணவீக்கம் நூற்றுக்கு 70 அளவில் ஏறியது. ஓய்வூதியத்தின் தொகை குறையவில்லை. அதனாற் கொள்ளத்தக்க அரிசியும் மருந்தும் குறைந்தன. தனியார் துறையிற் பணியாற்றிய ஆடவர்க்கு ஊழியர் சேமலாப நிதி 55 வயதில் ஒருங்கே கைக்கு வரும். அதனை மகளின் கலியாணத்துக்கும் மகனை வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கும் முழுவதும் கொட்டிவிட்டு, எஞ்சிய வாழ்நாளைப் பிள்ளைகள் அனுப்பும் பணத்தில் ஓட்டலாம் என்றிருப்போர் பலர். பிள்ளைக்கும் வேலை போகலாம். பிள்ளைக்கும் பிள்ளைகள் உண்டு. கொடுக்க விரும்புவோர் கொடுக்குக. ஆயினும் தமக்கென ஒரு பங்கை ஒதுக்கிவைத்தல் கருமித்தனம் அன்று.

மூன்றாவதாக உறுதிகள். ‘எல்லாம் பிள்ளைகளுக்குத்தானே’ என்று வீட்டையும் வளவையும் நன்கொடை உறுதியால் எழுதிக் கொடுக்கும்போது, தமக்கும் மனைவிக்கும் சீவிய உரித்தை நிலைநிறுத்தி எழுதுவித்தல் இன்றியமையாதது. ஆயுள் உள்ளவரை அவ்வீட்டிற் குடியிருக்கும் உரிமை அதனாற் காக்கப்படும். அன்புள்ள மகனுக்குக் கடன் நேர்ந்து வீடு கைமாறும் நிலை வரினும் முதியவர் தெருவுக்கு வரார். மரணசாதனம் எழுத விரும்புவோர், 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, நொத்தாரிசின் முன்னும் சாட்சிகள் இருவர் முன்னும், அன்றேல் ஐந்து சாட்சிகள் முன்னும் கையொப்பமிடல் வேண்டும். மேசை இழுப்பறையில் எழுதிவைத்த கடிதம் மரணசாதனம் ஆகாது. அற்றோர்னித் தத்துவம் கொடுத்தவரின் மரணத்தோடு அதன் வலுவும் அற்றுவிடும் என்பதைப் பலர் அறியார். ஆதலின் அதனையே எல்லாவற்றுக்கும் போதுமெனக் கொள்ளற்க.

உறுதிகள், வங்கிப் புத்தகம், ஓய்வூதிய இலக்கம், உண்ணும் மருந்துகளின் பட்டியல், பிள்ளைகளின் தொலைபேசி இலக்கங்கள் ஆகியவற்றை ஒரே கோவையில் இட்டு, அக்கோவை இருக்குமிடத்தை இருவர்க்கேனும் சொல்லிவைத்தல் நன்று. அவ்விருவருள் ஒருவர் மனைவியாயிருத்தல் வேண்டும்.

இவ்விடத்தில் ஆடவராகிய நமக்கு ஒன்று சொல்ல வேண்டும். பெரும்பாலும் நம் மனைவியர் நம்மினும் வயதிற் குறைந்தவர். பெண்கள் ஆண்களைக் காட்டிலும் நீண்ட ஆயுள் உடையவர் என்பதும் கணக்கிற் கண்ட உண்மை. ஆதலின், தனித்து வாழப்போகின்றவர் பெரும்பாலும் நாமல்லர், அவர்களே. நாற்பது ஆண்டு இல்லறம் நடத்தியும், ஒரு காசோலையிற் கையெழுத்திட்டறியாத, வங்கியின் படி ஏறியறியாத பெண்கள் நம் வீடுகளில் இன்றும் உளர். விதவைகள் அநாதைகள் ஓய்வூதியத்துக்கு எந்தக் கந்தோரில், எந்தப் பத்திரங்களோடு விண்ணப்பிப்பது என்பதைக் கணவன் மறைந்த கிழமையிலே அறியாதாரிடம் கேட்டலையும் நிலையை அவர்களுக்கு வைத்துச் செல்லுதல் அன்புடைமை ஆகுமோ? மறுதலையாக, மனைவி முந்திக்கொண்டால், வாழ்நாளெல்லாம் உலைவைத்தறியாத ஆடவன் மூன்று நாளில் நோயாளியாகின்றான். சோறும் பருப்பும் சொதியும் ஆக்கவும், புட்டு அவிக்கவும் அறிதல், கணிதமும் சரித்திரமும் அறிதலைப் போன்றே ஆண்மகனுக்கு வேண்டிய கல்வியாம். விடுதியில் வாழ்ந்து, தன் வேட்டியைத் தானே தோய்த்து உடுத்த மாணவர் பலர் இதனை எளிதில் ஒப்புவர்.

நான்காவதாக அயல். இதனை யான் எல்லாவற்றினும் முதன்மையாகக் கருதுகின்றேன். பழைய யாழ்ப்பாணத்திலே வளவுக்கும் வளவுக்கும் இடையில் கிடுகு வேலி இருந்தது. அவ்வேலியிலே ஒரு பொட்டு இருந்தது. அப்பொட்டினூடாகக் கறியும் நெருப்பும் செய்தியும் போய் வந்தன. காலையில் அடுத்த வீட்டுக் கிழவியின் இருமல் கேளாவிடின், “ஆச்சி, என்ன சத்தத்தைக் காணேல்லை?” என்று ஒரு குரல் பொட்டினூடாகக் கேட்கும். வெளிநாட்டுப் பணம் வந்தது. கிடுகு வேலி போய் ஆளுயர மதில் எழுந்தது. மதில் கள்ளனைத் தடுத்ததோ யான் அறியேன், அயலானைத் தடுத்துவிட்டது. தனித்து வாழ்வோர் தம் மதிலில் ஒரு சிறு படலையை அயல் வளவுக்குத் திறந்துவைப்பாராயின், அதனிற் சிறந்த காவல் வேறில்லை. வீட்டுத் திறப்பின் படியொன்று நம்பிக்கையான அயலவரிடம் இருத்தல் வேண்டும். காலையில் முன்வாயிற் கதவு திறக்கப்படாவிடின் வந்து பார்க்கும்படி ஒருவரோடு பேசிவைத்தல் வேண்டும். 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால் வரும் இலவச நோயாளர் காவு வண்டிச் சேவை 2018 முதல் வட மாகாணத்திலும் உண்டு. அழைப்பதற்கு ஒருவர் அருகில் இருந்தாலன்றோ அது பயன்படும்?

கோயில், வாசிகசாலை, சனசமூக நிலையம், கூட்டுறவுக் கடை என்பன பொழுதுபோக்குக்குரிய இடங்கள் மட்டும் அல்ல. நாள்தோறும் ஒருவரை ஒருவர் காணும் இடங்கள் அவை. நேற்று வந்தவர் இன்று வரவில்லை என்று ஒருவர்க்கேனும் தோன்றும் வண்ணம் வாழ்பவர் தனித்திருப்பினும் தனியர் அல்லர்.

இனி, இக்கருத்துக்கு எதிராகக் கூறப்படுவனவற்றையும் நோக்குவோம். பெற்றோரைத் தனியே விடுதல் பிள்ளைகளுக்கு இழுக்கு என்பர். பிள்ளைகள் கைவிடுவது இழுக்கே. அதற்கெனவே 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், தம்மைத் தாம் பேண இயலாத பெற்றோர் பராமரிப்புச் சபையிடம் விண்ணப்பிக்க வழிசெய்தது. ஆயினும் சட்டம் பணத்தைப் பெற்றுத்தரும்; நள்ளிரவில் எழுப்பிவிடும் கையைத் தராது. மேலும், பெற்றோர் தாமே விரும்பித் தம் ஊரில், தம் கோயிலின் மணியோசை கேட்கும் இடத்தில் வாழ்தல் கைவிடப்படுதல் ஆகாது. பனி மூடிய நாட்டில், மொழி அறியாத வீதியில், பகல் முழுவதும் பூட்டிய வீட்டுக்குள் இருக்கும் பெற்றோர், பிள்ளையோடு ஒரே கூரையின்கீழ் இருந்தும் தனித்தவரே.

முதியோர் இல்லங்கள் இருக்கின்றனவே என்பார் வேறு சிலர். கைதடியில் உள்ளது போன்ற இல்லங்கள் ஆதரவற்றோர்க்குப் பெருந்தொண்டு புரிகின்றன. அவற்றை இகழ்தல் தகாது. எனினும் நிற்கவும் நடக்கவும் வல்லார் அவ்விடங்களை நிரப்பின், உண்மையில் இயலாதார் எங்கே செல்வர்?

வலிமையுள்ள மறுப்பு ஒன்று உண்டு; அதனை மறைத்தல் நேர்மையன்று. தனித்து வாழ்தல் எல்லார்க்கும் எக்காலமும் இயலாது. அடுப்பை மூட்டியதை மறப்பவர், வீட்டுக்கு வரும் வழியை மறப்பவர் தனித்திருத்தல் தமக்கும் அயலார்க்கும் ஆபத்து. அந்நிலை வந்தபின் அதனை உணரும் ஆற்றல் அவரிடம் இராது. ஆகவே, அறிவு தெளிவாயிருக்கும்போதே, ‘இன்ன நிலை வந்தால் யான் இன்னாரிடம், அன்றேல் இன்ன இடத்துக்குப் போவேன், அப்போது நான் மறுத்தாலும் என்னைக் கொண்டு செல்க’ என்று எழுதிப் பிள்ளைகளிடம் கொடுத்துவைத்தல் வேண்டும். எப்போது வெளியேறுவது என்பதும் தனித்து வாழும் திட்டத்தின் ஒரு பகுதியே. அப்பகுதி இல்லாத திட்டம் பிடிவாதமாகும்.

நம் ஊர்களில் மரண உதவிச் சங்கங்கள் உண்டு. ஒருவர் இறந்தால் பந்தலும் கதிரையும் சவப்பெட்டியும் குறைவின்றி வந்து சேரும். பிள்ளைகள் பறந்து வருவர். எட்டுச் செலவு நடக்கும். கீரிமலையிலே அந்தியேட்டி நடக்கும். கல்வெட்டு அச்சிட்டு வழங்கப்படும். இவற்றை வேண்டாவென்று யான் கூறவில்லை. ஆயினும், இறந்த ஒரு மாதத்துக்கு இத்துணை ஏற்பாடு செய்யத் தெரிந்த சமூகம், இறப்பதற்கு முந்திய பத்து ஆண்டுக்கு ஓர் ஏற்பாடுஞ் செய்யாதிருத்தல் வியப்பன்றோ?

இதனை முன்னிட்டு நமது பழைய மாணவர் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம் செய்கின்றேன். விழா நிதியில் வாயில் வளைவும் அரங்கமும் எழும்புக. அந்நிதியில் ஒரு சிறு பகுதி வேறொன்றுக்கும் ஒதுக்கப்படுக. கல்லூரியைச் சூழ்ந்த ஊர்களிலே தனித்து வாழும் பழைய மாணவரும், மறைந்த பழைய மாணவரின் மனைவியரும், முந்நாள் ஆசிரியர்களும் யாவர் என, விரும்புவோரது பெயரை மட்டும் கொண்டு ஓர் இடாப்பு எழுதப்படுக. காலைதோறும் அவர்களுக்கு ஒரு தொலைபேசி அழைப்புச் செல்க; பதில் இல்லையேல் ஒருவர் சயிக்கிளிற் சென்று பார்க்குக. வைத்தியராயும் சட்டத்தரணியாயும் பொறியியலாளராயும் உள்ள பழைய மாணவர் ஆண்டில் ஒரு நாளை இதற்குக் கொடுத்து, வீடுகளைப் பார்வையிட்டு, வேண்டிய கைபிடிகளையும் உறுதிகளையும் பற்றி ஆலோசனை கூறுக. மேல் வகுப்பு மாணவர் இருவர் இருவராய்ச் சென்று மாதம் ஒருமுறை அவர்களோடு உரையாடுக. அதனை ஏவலாகவன்றி மாணவர் ஒரு பாடமாகக் கொள்க. கல்லூரியின் பழைய கதைகளை அறிந்தவர்கள் அவ்வீடுகளிலேதான் இருக்கின்றார்கள்.

இதற்கு இலட்சங்கள் வேண்டியதில்லை. பொறுப்பேற்கும் ஒருவரும், தவறாத ஒழுங்குமே வேண்டும்.

மாணவத் தம்பிமார்க்கு ஒரு சொல். இதனைப் படித்து, ‘இது கிழவர் விடயம்’ என்று பக்கத்தைப் புரட்டற்க. இன்று மாலை வீடு திரும்பியதும் உங்கள் வீட்டுக் கிணற்றடியையும் மலகூடத்துப் பாதையையும் ஒருமுறை நோக்குங்கள். அங்கே விளக்கு உண்டா, பாசி உண்டா, பிடிப்பதற்கு ஏதேனும் உண்டா என்று பாருங்கள். இல்லையேல் அப்பாவிடம் சொல்லுங்கள். உங்கள் பாட்டனார் இன்று இரவும் அவ்வழியே நடப்பார்.

என் நண்பர் இப்போது இல்லை. அவர் வீட்டு மதில் மட்டும் உயர்ந்து நிற்கின்றது. அவர் கேட்ட விளக்கை, இன்னும் உயிரோடிருக்கும் மற்றையோரின் முற்றத்திலாயினும் நாம் ஏற்றுவோமாக. அதற்கு எல்லாம் வல்ல இறைவன் திருவருள் துணைபுரிவதாக.